மேற்கு வேலிக்குப் பாகலா, கடதாசிப்பூவா?

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

மாரி ஓய்ந்து நடுகைக்கு ஆயத்தமாகும் காலம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் கொடிகளைப் பற்றியவையே மிகுதியாக இருந்தன. பாகல் பற்றியும் கடதாசிப்பூ எனப்படும் போகன்வில்லா பற்றியும் வந்தவற்றை மட்டும் இங்கே சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குச் சற்று உள்ளே, மணல் வளவில் இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 20 அடி நீளத்துக்குக் கம்பி வேலியும், அதிலிருந்து ஆறடி தள்ளிப் படுக்கையறைச் சுவரும் உள்ளன. பின்னேர வெயிலில் சுவர் கொதித்து, இரவு வெகுநேரம் வரை அறைக்குள் படுக்க முடிவதில்லை. வேலியில் கொடியொன்றைப் படரவிட எண்ணியுள்ளோம். கறிக்கும் ஆகும், நிழலுக்கும் ஆகும் என்று மாமி பாகலைப் போடச் சொல்கிறார். மகளோ கடதாசிப்பூத்தான் வேண்டும் என்கிறாள். கிணற்றுத் தண்ணீர் மாரியில் நன்றாக இருக்கும். ஆடி, ஆவணியில் சற்று உவர்க்கும். இரண்டில் எதை நடுவது?
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, கடிதத்தின் முடிவில் கிணற்றைப் பற்றி எழுதினீர்களே, விடையை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் ஒரு கொடியைத் தெரிவுசெய்பவர், அதன் பூவையும் காயையும் எண்ணுவதற்கு முன்னர், ஆடி மாதத்தில் தமது கிணறு எவ்வளவு தண்ணீரை எந்தச் சுவையில் தரும் என்பதைக் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த விடயத்தில் பாகலும் கடதாசிப்பூவும் நேரெதிரானவை.

நமது கரையோர மணலுக்கடியில் உள்ள நன்னீர், அதற்குக் கீழே நிற்கும் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது இறங்கி நிற்கும் என்பது நிலத்தடிநீர் பற்றிய பொதுவான கணக்கு. வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், தை, மாசியில் கிணறு நிரம்பி நிற்கிறது. அதன்பின் மேலே நீர்மட்டம் சிறிது இறங்கினாலும், அடியிலுள்ள உவர்நீர் அதைவிடப் பன்மடங்கு மேலே ஏறிவிடுகிறது. மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைக்கப்படும் கிணறுகள் மற்றவற்றுக்கு முந்தி உவர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

பாகலுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. உவர்நீர் பட்டதும் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகத் தொடங்கும், பூ உதிரும், எஞ்சிய காய் சிறுத்துக் கோணிப்போகும். மணலில் வளர்ந்து காய்த்து நிற்கும் பாகலுக்குக் குழியொன்றுக்கு நாளாந்தம் ஒரு வாளித் தண்ணீரேனும் வேண்டும். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அதுவும் போதாது. உங்கள் வேலி மேற்கில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. கச்சான் தரைப்பக்கமாக, தென்மேற்கிலிருந்து சூடாகவும் வறட்சியாகவும் வருகின்ற காற்று. அதன் முதல் அடி விழுவது உங்கள் வேலியின்மீதுதான். பாகலின் இலை மெல்லியது, அகன்றது, நீரை விரைந்து விடுவது. காலையில் ஊற்றிய தண்ணீரைப் பின்னேரத்துக்குள் இழந்து அது துவண்டு தொங்கும்.

கடதாசிப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் கொமர்சன் அதனைப் பிரேசிலில் கண்டு பதிவுசெய்தார். நன்கு வேரூன்றிய பின்னர் அது வறட்சியைத் தாங்கும், கடற்காற்றின் உப்பையும் பெருமளவு தாங்கும். தண்ணீர் குறைகின்ற காலத்தில்தான் அதிகமாகப் பூக்கவும் செய்யும். உங்கள் கிணறு இளைத்துப்போகும் மாதங்களில் அது உங்களிடம் அதிகம் கேட்காது.

நிழலின் கணக்கும் இதையொட்டியே வருகிறது. தை மாதக் கடைசியில் விதைத்த பாகல் இரண்டு மாதத்துக்குள் வேலியை மூடிவிடும். கடதாசிப்பூ அவ்வளவு விரைவில் மூடாது. ஆனால் வைகாசி முடிவதற்குள் அடி இலைகள் மஞ்சளித்து, ஆனியில் கொடி காய்ந்துவிடும். உங்கள் சுவர் மிகக் கடுமையாகக் கொதிக்கும் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வேலியில் வெறும் சருகுதான் இருக்கும். கடதாசிப்பூ முதல் வருடத்தில் பெயரளவுக்கே நிழல் தரும். இரண்டாம் வருடத்திலிருந்து வருடம் முழுவதும் தரும்.

இவை ஏறுகின்ற விதமும் வேறுவேறு. பாகலின் பற்றுக்கம்பியை ஒரு காலை வேளையில் கிட்ட நின்று பாருங்கள். நூலொன்றைத் தொட்டவுடன் அதன் நுனி வளைந்து பற்றிக்கொள்ளும். பின்னர் பற்றிய இடத்துக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருளத் தொடங்கி, நடுவில் ஓரிடத்தில் திசைமாறி மறுபக்கமாகச் சுருண்டு, ஒரு சுருள்வில்லைப் போலக் கொடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்று அடித்தாலும் கொடி அறுந்துபோகாமல் ஆடி நிற்பது இதனால்தான். மெல்லிய கம்பியும் தும்புக் கயிறும் அதற்குப் போதும். தடித்த கதியாலை அதனால் பற்ற இயலாது. கடதாசிப்பூவுக்குப் பற்றுக்கம்பி இல்லை. வளைந்த முட்களைப் பக்கத்திலுள்ளவற்றில் கொளுவிச் சாய்ந்து ஏறுவதே அதன் இயல்பு என்பதால், ஒவ்வொரு கிளையையும் நாமே கம்பியில் கட்டிக்கொடுக்கவேண்டும். வருடங்கள் செல்லச்செல்லத் தண்டு மரமாகிப் பாரம் ஏறும். உக்கிய வேலிக்கட்டை அதனைத் தாங்காது. சீமெந்துத் தூணோ இரும்புக் குழாயோ வேண்டும். சாயும் வெயிலை மறைப்பதற்கு ஆறடி வேலியும் போதாது. தூண்களை ஒன்பதடிக்கு உயர்த்தி, ஓரடிக்கொரு வரியாகக் கம்பி இழுத்தால்தான் நான்கு மணி வெயில் சுவரின் கீழ்ப்பாதியிலாவது படாமல் தடுக்கலாம்.

ஆகவே மேற்கு வேலிக்குக் கடதாசிப்பூவே பொருத்தம் என்பது எமது தெளிவான கருத்து. உங்கள் கிணறு ஆவணியிலும் உவர்க்காத கிணறாக இருந்திருந்தால் மாமியின் பக்கமே நின்றிருப்போம். ஏனெனில் நஞ்சு தெளிக்காத ஒரு பிஞ்சைத் தன் வளவிலேயே பறித்துச் சட்டியில் போடுகின்ற வாய்ப்பை எந்தப் பூவுக்காகவும் இலகுவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாமியின் ஆசையையும் தள்ளவேண்டியதில்லை. கிணற்றடியில், நாளில் ஆறு மணித்தியாலமாவது வெயில் விழும் இடத்தில், கச்சானுக்கு வீடே மறைப்பாக இருக்கும் கிழக்குப் பக்கமாகப் பார்த்து, ஒரு சிறு பந்தல் போட்டு அங்கே பாகலை வையுங்கள். முதல் வருடத்தில் மட்டும், கடதாசிப்பூ சிறிதாக நிற்கும்போது, அதே மேற்கு வேலியிலும் இரண்டு குழிப் பாகல் போடலாம். வைகாசி வரையாவது சுவருக்கு நிழல் கிடைக்கும். அடுத்தடுத்த வருடங்களில் அவ்வாறு செய்யவேண்டாம். ஒன்றுக்கு நாளாந்தம் நீர் வேண்டும், மற்றதற்கு அதே நீர் பூவைக் கெடுக்கும். முட்களுக்குள் கைவிட்டுக் காய் பறிப்பதும் இயலாத காரியம்.

பாகலுக்கு ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில், மூன்று நான்கு அடி இடைவெளியில் குழி வெட்டுங்கள். மணலானது நீரையும் எருவையும் கீழே விட்டுவிடும் என்பதால், குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைத் தும்புப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் நன்கு உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். விதையின் கோது தடித்தது. ஓரிரவு நீரில் ஊறவிட்டு, குழிக்கு மூன்று வீதம் ஊன்றி, முளைத்த பின்னர் நல்லவை இரண்டை மட்டும் விடுங்கள். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் வர்க்கங்களில் எம்.சி. 43, திண்ணைவேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை ஆகியவை உண்டு. விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முதற்காய் பறிக்கலாம். அடியைச் சுற்றித் தென்னஞ்சருகு பரப்புவதும், தண்ணீரை அதிகாலையில் வாளியால் சிறிது சிறிதாக அள்ளி ஊற்றுவதும் கிணற்றையும் காப்பாற்றும், கொடியையும் காப்பாற்றும்.

கடதாசிப்பூவுக்குச் செலவு குறைவு. பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் அரையடித் துண்டுகளை வெட்டி, மணலும் தும்புச்சோறும் கலந்த பைகளில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடிக்க இரண்டு மாதம் வரை செல்லலாம். நடும்போது பையைக் கிழித்து, வேர்க்கட்டி உடையாமல் இறக்குவது மிக முக்கியம். அதன் வேர் மிக மெல்லியது, குலைந்தால் செடி பட்டுப்போகும். சுவரோடு ஒட்டி நடாமல் வேலியோரமாகவே, எட்டடி இடைவெளியில் நடுங்கள். முதலாவது கச்சானைக் கடக்கும் வரை ஓரிரு நாளுக்கொரு தடவை நீர் வேண்டும். அதன்பின் கையைச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், வாடைக்காற்றுக்கு முன்னர், அதனைக் கட்டாயம் கத்தரித்துவிடுங்கள். அடர்ந்த கொடி முழுக் காற்றையும் தன்மேல் வாங்கி வேலியோடு சாய்ந்துவிடும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் பாகல் பந்தல் முழுவதும் மஞ்சள் பூவாக இருக்கிறது, ஆனால் ஒரு பிஞ்சுகூட இல்லை. பூ எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. மருந்து ஏதும் அடிக்கவேண்டுமா?
— ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மருந்து வேண்டாம். பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூப்பவை. முதலில் வருவன ஆண்பூக்கள். அவை ஒரு நாள் விரிந்து உதிர்வது இயல்பு. பெண்பூ பின்னரே வரும், எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. இதழுக்குக் கீழே உள்ள காம்பைப் பாருங்கள்: ஆண்பூவின் காம்பு நூலாக நீண்டு வெறுமையாக இருக்கும், பெண்பூவின் இதழுக்குக் கீழே, முள்முள்ளான மேற்பரப்புடன், ஓரங்குலம்கூட இல்லாத பச்சைப் பிஞ்சொன்று பூ விரியும் முன்னரே உருவாகியிருக்கும். அதைக் கண்டால் கவலையை விடலாம்.

கொடி தோன்றி ஆறேழு வாரமாகியும் பெண்பூவைக் காணவில்லையெனில் யூரியாவின் அளவைக் குறையுங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவே ஓடும். கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண்பூக்கள் அதிகமாக வரும்.

பெண்பூ இருந்தும் பிஞ்சு மஞ்சளித்து விழுகிறதென்றால் மகரந்தம் சேரவில்லை என்பது பொருள். தேனீ வராத வளவிலும், அதிகாலையில் மழை பெய்யும் நாட்களிலும் இது நேரும். பூ விடியும்போதே விரிந்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்னர், அன்று விரிந்த ஆண்பூவொன்றைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவிலுள்ள மஞ்சள் தூள் பெண்பூவின் சூலக முடியில் படும்படி மெதுவாக ஒற்றிவிடுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். பக்கத்துப் பயிருக்கு நீங்கள் ஏதேனும் தெளிக்கவேண்டி வந்தால், காலையில் தெளிக்கவே வேண்டாம். தேனீ வரும் நேரம் அது.

கேள்வி: பாகற்காய் பாதி வளர்ச்சியிலேயே வளைந்து, மஞ்சளித்து, உள்ளே புழுவாக இருக்கிறது. கடைக்காரர் தந்த நாசினியை வாரம் இரு தடவை அடித்தும் பயனில்லை. பேசாமல் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பூங்கொடியொன்றை வைக்கலாமா என்று நினைக்கிறேன்.
— ஒரு வாசகி, ஏறாவூர்

பதில்: பிடுங்கவேண்டாம், நாசினியை நிறுத்துங்கள். வீட்டுப் பாகல் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை பறிக்கப்படுவது. வாரம் இரு தடவை நாசினி அடித்தால், அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையில் விடவேண்டிய நாட்களை விடவே முடியாது. அந்த நஞ்சு நேரே உங்கள் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் போகும். இது எம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குகின்ற விடயம் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

உங்கள் காயில் இருப்பது பழ ஈயின் புழு. பிஞ்சின் தோலை ஈ துளைத்து உள்ளே முட்டையிடும். அந்த இடத்தில் முதலில் ஒரு துளி நீர் கசிந்து, பின்னர் பழுப்புப் பிசினாக இறுகி நிற்கும்; காய் அந்த இடத்தில்தான் வளையும். முட்டையும் புழுவும் தோலுக்குள் இருப்பதால் வெளியில் தெளிப்பது அவற்றைச் சென்றடையாது. புழு முற்றியதும் காயை விட்டு மண்ணில் விழுந்து, மேல்மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிச் சில நாட்களில் மீண்டும் ஈயாக எழும். ஆகவே தடுக்கவேண்டிய இடங்கள் இரண்டு: பிஞ்சின் தோல், கொடியின் அடிமண்.

பிஞ்சு ஒன்றரை அங்குலமாக இருக்கும்போதே பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டி அதன்மேல் மாட்டி, மேல்முனையைக் காம்போடு கட்டிவிடுங்கள். பெரும் தோட்டக்காரருக்கு இது சிரமம்; வீட்டில் ஒரு பந்தலுக்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. பூ காய்ந்து விழுந்தவுடன் மாட்டவேண்டும்; இரண்டு நாள் பிந்தினாலும் ஈ முந்திவிடும்.

துளைபட்ட காயையும் விழுந்த காயையும் அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். எருக்குழிக்குள் எறிந்தால் அங்கிருந்தே ஈ பெருகும். கொடியின் அடியிலுள்ள மேல்மண்ணை வாரமொரு தடவை, வேர் அறுபடாமல், லேசாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும். பின்னேரம் கோழிகளை அந்தப் பக்கம் விட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். ஆண் ஈக்களைக் கவரும் கியூலூர் பொறியும் உண்டு. ஆனால் அது ஆண் ஈயை மட்டுமே இழுக்கும் என்பதால், ஒரு வளவில் மட்டும் தொங்கவிடுவதைவிட ஒழுங்கையில் உள்ள எல்லாரும் சேர்ந்து வைத்தால்தான் பயன் தெரியும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு கடதாசிப்பூச் செடி நிற்கிறது. நாள் தவறாமல் தண்ணீர், மாதமொரு தடவை எரு, இடைக்கிடை யூரியா எல்லாம் கொடுக்கிறோம். மாமரத்துப் பக்கமாக நன்றாகத் தழைத்து நிற்கிறது. பூ மட்டும் இல்லை. எதிர்வீட்டில் கவனிப்பாரற்று மதிலில் கிடக்கும் செடி பூத்துக் குலுங்குகிறது.
— ஒரு வாசகர், கல்முனை

பதில்: எதிர்வீட்டுச் செடிக்குக் கிடைக்கும் வெயிலும் வறட்சியும் உங்கள் செடிக்குக் கிடைக்கவில்லை. மாமர நிழலைக் குறைக்க முடிந்தால் மாவின் தாழ்ந்த கிளைகளைத் தறியுங்கள். முடியாதெனில் அந்தச் செடியில் துண்டு வெட்டி வெயிலில் புதிதாக வைப்பதே மேல். ஆறு மணித்தியால வெயில் இல்லாத இடத்தில் எதைக் கொடுத்தாலும் அது இலைதான் விடும்.

தண்ணீரையும் யூரியாவையும் உடனே நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும் வரை காத்திருந்து, பின்னர் ஒரு தடவை அடி நனைய ஊற்றி, மீண்டும் துவளும் வரை விடுங்கள். அடியிலிருந்து கிளம்பி நேராக நீளும் நீர்க்கிளைகளை அடியோடு வெட்டி, மற்றக் கிளைகளின் நுனிகளை அரையடி அளவுக்குக் கத்தரியுங்கள். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியில்தான் பூ வரும். நாம் பூ என்று பார்க்கும் நிறத் தாள்கள் உண்மையில் பூவடிச் செதில்கள். மூன்று செதில்களுக்கு நடுவே குழாயாக நிற்கும் சிறிய வெள்ளை உறுப்புகளே பூக்கள். செதில் கடதாசியைப் போல மெல்லியதாக இருந்தாலும் வெயிலிலும் பல வாரம் உதிராமல் நிற்கிறது. மார்கழி மழையில் பூ குறைவதைக் குறையாக எண்ணவேண்டாம். பெப்ரவரி வெயில் ஏறியதும் அது தானாகவே மாறும்.

கேள்வி: எங்கள் பாகலில் நல்ல காய்களை முற்றவிட்டு விதை எடுக்கலாமா? கடையில் வாங்கும் விதை விலை கூடிவிட்டது.
— ஒரு வாசகி, வாகரை

பதில்: பொதியில் கலப்பினம் என்று எழுதியிருந்தால் எடுக்கவேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. திண்ணைவேலி வெள்ளை போன்ற வழக்கமான வர்க்கமென்றால் எடுக்கலாம். பக்கத்து வளவில் வேறு பாகல் நின்றால் தேனீ கலந்துவிடும் என்பதால், விதைக்கென்று வைக்கும் பெண்பூவை முதல்நாள் பின்னேரமே நூலால் மெதுவாகக் கட்டி, காலையில் அதே வர்க்கத்து ஆண்பூவால் கையால் ஒற்றி, மீண்டும் கட்டிவிடுங்கள். நோயில்லாத கொடியின் நடுப்பகுதியில் காய்த்த இரண்டு காய்கள் ஒரு வீட்டுக்குப் போதும். காய் செம்மஞ்சளாகி வெடிப்பதற்கு முன்னரே பறித்துவிடவேண்டும். வெடித்தால் உள்ளே விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதைக்காகக் கிளியும் மைனாவும் வந்துவிடும். சதையை நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டி, காற்றுப் புகாத போத்தலில் மூடி வைத்தால் அடுத்த தைக்கு விதை தயாராக இருக்கும்.